புதுப்பிப்பு: 641 எங்கிருந்து வந்தது?

போன வாரம் 4294967297 பற்றி எழுதினேன்: 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1. இது ஒரு பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார்; இதை 641 வகுக்கும் என்று 1732-இல் காட்டியவர் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர். பகா எண்களை 3-லிருந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பதே வழி என்று நான் எழுதியது தவறு. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கும். ஆய்லரே இதைப் பின்னர் நிறுவினார். அப்படியானால் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே கிடைத்துவிடுகிறது!

இன்னும் அழகு, வகுக்காமலே காட்டுவது. 641-ஆல் வகுத்தால் 640-இன் மீதி −1 (641-க்கு ஒன்று குறைவு என்பதால் இப்படிச் சொல்லலாம்), எனவே 640-இன் நான்காம் அடுக்குக்கு மீதி 1. அந்த அடுக்கு என்பது 625 பெருக்கல் 2-இன் 28-ஆம் அடுக்கு. 641 = 625 + 16 என்பதால் 625-க்குப் பதில் −16 போடுங்கள். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு என்பதால், 2-இன் 32-ஆம் அடுக்கின் எதிர்மத்துக்கு மீதி 1; அதாவது 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். இன்னொரு காரணி 6700417, அதுவும் பகா எண்தான்.