ஒரே வேவ்டேபிள்தான், ஆனால் கருவியில் படிப்படியாகத் தாவுகிறது, பிளக்-இன்னில் வழுக்கிச் செல்கிறது: எங்கே தவறு?

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்கான இசையை அல்சூரில் என் வீட்டு அறையிலேயே பதிவு செய்துவருகிறேன். பாடகி ஐந்து கட்டையில் பாடுகிறார். தம்புராவோடு இழைந்து ஒலிக்கும்படி மந்தர ஸட்ஜத்தில் ஒரு நீண்ட ஒலியை வேவ்டேபிள் சிந்தசைசரில் (சிறிய அலை வடிவங்களை ஓர் அட்டவணையாக அடுக்கி வைத்து ஒலி எழுப்பும் மின்னணு இசைக்கருவி) அமைக்க முயல்கிறேன். குதிரையின் மேல் நூலைச் சரியான இடத்தில் நிறுத்திய தம்புராவில் மேற்சுரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக மலர்வதைப் போல, அட்டவணையின் முதல் அலையிலிருந்து கடைசி அலை வரை 20 வினாடிகளில் ஒலி மெல்ல நகர வேண்டும் என்பதே என் விருப்பம்.

என்னிடம் பழைய மேசைக் கருவி ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் 64 அலைகள், ஒவ்வோர் அலைக்கும் 128 சாம்பிள்கள், அதாவது அலையின் வடிவத்தைக் குறிக்கும் 128 எண்கள். அதே அட்டவணையை மடிக்கணினியில் வைட்டல் பிளக்-இன்னிலும் (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் மென்பொருள் சிந்தசைசர்) ஏற்றினேன். ஓர் அலைக்கு 128 சாம்பிள் என்று சரியாகக் குறிப்பிட்டதால் சுருதியில் பிழையில்லை. ஆனால் கருவியில் நகர்வு படிக்கட்டில் ஏறுவதைப் போலக் கேட்கிறது. மேலே ஒரு சொரசொரப்பும் இருக்கிறது. பிளக்-இன்னில் நகர்வு வழவழப்பாக இருந்தாலும் ஒலியில் உயிரில்லை, பாடகிக்கும் அது உறுத்துகிறது. இரண்டுக்கும் நகர்வைப் பதிவு மென்பொருளின் ஆட்டோமேஷன் (அமைப்புகளைத் தானாக நகர்த்தும் வசதி) வழியாகவே தருகிறேன். கருவிக்கு அது யுஎஸ்பி வழியே மிடியாக, அதாவது இசைக்கருவிகளுக்கான டிஜிட்டல் கட்டளைகளாக, போகிறது. கருவியின் பதிவில் மெல்லிய கீச்சொலியும் சேர்கிறது, மௌஸை அசைத்தால் அது மாறுகிறது. கருவியை விற்றுவிட்டுப் பிளக்-இன்னோடு நின்றுவிடலாமா?

மறுமொழி 1 (ஜெயநகர்)

விற்பதற்கு முன் தயவுசெய்து ஒன்றைச் செய்து பாருங்கள்: 10 வினாடிகளில் எத்தனை படிகள் கேட்கின்றன என்று எண்ணுங்கள்.

சாதாரண மிடி கட்டுப்பாட்டுச் செய்தி 7 பிட் அளவுடையது. 0 முதல் 127 வரை 128 மதிப்புகள் மட்டுமே அதில் உண்டு. 20 வினாடி நகர்வை 128 ஆகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 0.16 வினாடி நிற்கும், அதாவது 10 வினாடிகளில் 64 படிகள் வரும். அலைகளுக்கு இடையே கருவி இடைமதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்பாமல் ஓர் அலையிலிருந்து அடுத்ததற்கு நேரடியாகத் தாவுகிறது என்றால், அலைகள் 64 என்பதால் 10 வினாடிகளில் 32 படிகள் கேட்கும். எண்ணிக்கை 64-ஐ ஒட்டியிருந்தால் குறை மிடியில். 32-ஐ ஒட்டியிருந்தால் அது கருவியின் இயல்பு, அதை மாற்ற முடியாது. பிளக்-இன்னில் படி கேட்காததற்குக் காரணம், ஆட்டோமேஷன் அங்கே மிடியின் 7 பிட் வழியாகப் போகாமல் நேராக அளவுருவுக்கே போவதுதான்.

குறை மிடியில் என்றால், நகர்வைக் கருவியின் உள்ளேயே ஒரு மெதுவான எல்எஃப்ஓவிடம் (ஓர் அமைப்பைத் தானே மெல்ல ஏற்றி இறக்கும் உள் அலை) ஒப்படையுங்கள். கருவி 14 பிட் என்ஆர்பிஎன் என்ற நுண்ணிய மிடி செய்தியை ஏற்குமானால் அதுவும் ஒரு வழி. அதில் 16,384 மதிப்புகள் கிடைக்கும்.

மறுமொழி 2 (மல்லேஸ்வரம்)

தம்பி, படிகளை ஜெயநகர் நண்பர் சரியாகவே பிரித்துக் காட்டிவிட்டார். சொரசொரப்பைப் பற்றியும், உயிரில்லை என்று நீங்கள் சொன்னதைப் பற்றியும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் கருவியின் மேல் இல்லாத மந்திரத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

128 சாம்பிள்கள் கொண்ட ஓர் அலையில் அதிகபட்சம் 64 சீரிசைகள் (அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக வரும் மேற்சுரங்கள்) அடங்கும். உங்கள் மந்தர ஸட்ஜம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ்; 64 மடங்கு என்றால் ஏறத்தாழ 6,270 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் அந்த அட்டவணையில் எதுவுமே எழுதப்படவில்லை. ஆயினும் கருவியில் அதற்கு மேலும் ஒலி கேட்கிறது என்றால், அது சாம்பிள்களைக் கரடுமுரடாக வாசிப்பதால் உண்டாகும் பிம்பங்கள், அதாவது அட்டவணையில் இல்லாத போலி ஒலிகள். வைட்டல், செரம் போன்ற பிளக்-இன்கள் ஓர் அலைக்கு 2,048 சாம்பிள்களை வைத்துக்கொண்டு, கேட்கும் எல்லையைத் தாண்டும் சீரிசைகளை ஒவ்வொரு சுரத்துக்கும் ஏற்ப வெட்டிவிடுகின்றன. ஆகவே உங்கள் அட்டவணை அங்கே துப்புரவாக ஒலிக்கிறது. 1981-இல் வந்த பிபிஜி வேவ் 2 முதல் 1989-இல் வந்த வால்டார்ஃப் மைக்ரோவேவ் வரை பழைய வேவ்டேபிள் கருவிகளில் நாம் விரும்பிக் கேட்கும் மணல் போன்ற உரசலில் பெரும்பங்கு, அந்த அலைகள் குறுகியவை, 8 பிட் அளவுடையவை என்பதால் வந்தது. அவற்றின் அனலாக் ஃபில்டர் (உயர்ந்த ஒலிகளைக் குறைக்கும் மின்சுற்று) அந்த உரசலை உருண்டையாக்கியது. எல்லாக் கருவிகளிலும் அப்படிப்பட்ட ஃபில்டர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். ஹைட்ராசிந்த், இரிடியம் என்ற இன்றைய கருவிகள் முழுக்க டிஜிட்டல். கோர்கின் மாட்வேவ் கருவியாகவும் கிடைக்கிறது, பிளக்-இன்னாகவும் கிடைக்கிறது.

பாடகிக்கு உறுத்துவது வேறொன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. பிளக்-இன்னில் எந்த பிரீசெட்டிலிருந்து (முன்பே அமைத்துத் தரப்பட்ட ஒலி) தொடங்கினீர்கள்? ஒரே சுரத்தைச் சற்று விலகிய பல குரல்களாக ஒலிக்கவைக்கும் யூனிசன் திறந்திருந்தால், பத்து சென்ட் (அரைச் சுரத்தின் பத்தில் ஒரு பங்கு) விலகிய இரண்டு குரல்கள் ஸட்ஜத்தில் ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒருமுறை அலைமோதும். அதே விலகல் பத்தாவது சீரிசையில் வினாடிக்கு ஏறத்தாழ ஆறு முறை அடிக்கும். நடன அரங்குக்குச் சுருதி தரும் ஒலியில் இதை நான் ஒருநாளும் அனுமதிக்க மாட்டேன். யூனிசனையும் எதிரொலியையும் அணைத்துவிட்டு, இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் சமமாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். சற்று உரத்து ஒலிப்பதைக் காது எப்போதும் நல்லதென்றே எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 3 (ஜெயநகர்)

கீச்சொலியை மறந்துவிட்டோம். மௌஸோடு சேர்ந்து மாறுகிறது என்றால், யுஎஸ்பி வயரும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு கிரவுண்ட் லூப்பை (கணினியின் மின் இரைச்சல் ஒலிக்குள் புகும் தரை இணைப்பு வளையம்) உண்டாக்குகின்றன. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஐந்து முனை மிடி வயரைப் பயன்படுத்துங்கள்; அந்த இணைப்பில் ஆப்டோகப்ளர் (செய்தியை ஒளியாக மாற்றிக் கடத்தும் பாகம்) இருப்பதால் கணினியின் கிரவுண்ட் கருவிக்குள் வராது. அந்த வயர் பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு மாலைகள் இதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று முறை எண்ணினேன்: 61, 64, 63. குறை மிடியில்தான் இருந்தது. எல்எஃப்ஓவுக்கு மாற்றியதும் படிகள் மறைந்துவிட்டன. 41-ஆம் அலைக்கு அருகில் மட்டும் ஒரு தாவல் கேட்கிறது, அங்கே அடுத்தடுத்த அலைகளே மிகவும் வேறுபட்டிருக்கின்றன. பிளக்-இன்னிலும் அதே இடத்தில் ஒலி சட்டென நிறம் மாறுவதை இப்போதுதான் கவனித்தேன். யுஎஸ்பியைக் கழற்றியவுடன் கீச்சொலியும் நின்றுவிட்டது.

மல்லேஸ்வரம் ஐயா, நீங்கள் சொன்னபடியே பிரீசெட்டில் யூனிசன் திறந்திருந்தது. அதை அணைத்து, ஒலியளவைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் இரண்டையும் பாடகியிடம் போட்டுக் காட்டினேன். இரண்டிலும் சுருதி நிற்கிறது என்றார். ஆனால் தம்புராவைச் சேர்த்துப் போட்டபோது ஒன்றை நிறுத்தச் சொன்னார்: கருவியின் சொரசொரப்பு தம்புராவின் மேற்சுரங்கள் இருக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்து அவற்றை மறைக்கிறது. தனியாகக் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்திருந்த அதே ஒலிதான் அது.

மறுமொழி 2 (மல்லேஸ்வரம்)

அப்படியானால் தம்புரா ஒலிக்கும் பகுதிகளில் கருவியின் ஃபில்டரை 5,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். தம்புரா நின்று ஜதி மட்டும் ஓடும் இடங்களில் அதைக் கையாலேயே மெல்லத் திறந்துவிடுங்கள். கருவியை விற்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இறக்கிப் பார்த்தேன் ஐயா, தம்புரா தெளிவாகக் கேட்கிறது. ஜதிப் பகுதியில் ஃபில்டரைத் திறக்கும்போது அந்த உரசல் மிருதங்கத்துக்குப் பின்னால் எழுவது மிகவும் அழகாக இருக்கிறது. நாளை காலைப் பதிவுக்கு எல்எஃப்ஓவின் வீச்சை 40-ஆம் அலையோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.