‘வறுமை’ என்று நான் வைத்த தலைப்பு

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். சாக்கின் மேல் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளையாக்கி, ‘வறுமை’ என்று தலைப்பிட்டு ஒரு கண்காட்சியில் மாட்டினேன். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர், அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று 500 ரூபாயை என் கையில் திணித்தார்.

அதைக் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அவர் உதிரிப் பூவைக் கிலோக்கணக்கில் எடுத்துப் பத்து வீடுகளுக்குக் கட்டக் கொடுக்கும் வியாபாரி. பனியில் வரத்துக் குறைந்து மல்லி விலை ஏறிக் கிடந்த அன்று, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, தம்பி. என் பேரன் பார்த்தால் என்ன நினைப்பான்?” என்றார். பணத்தைத் தொடவில்லை.

மறுநாள் தலைப்பை ‘மல்லிக் கணக்கு’ என்று மாற்றினேன். படம் அதேதான். வந்தவர்கள் மூலையில் இருந்த தராசைப் பார்த்தார்கள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பார்த்தார்கள். அன்றைக்கு மல்லி என்ன விலை என்று கேட்டார்கள். அதுவரை அந்தத் தராசு என் கண்ணில்கூடப் பட்டதில்லை.

1936இல் கலிபோர்னியாவில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்துக்கும் இந்தக் குறை உண்டு. பட்டாணி பறிக்கும் வறியவர்கள், ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்பதுதான் குறிப்பு, பெயர் இல்லை. சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் லாங் பிற்பாடு எழுதினார். அப்படி விற்கவே இல்லை என்று அந்தத் தாயின் மகன் மறுத்தார். ஃபுளோரன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள்!

*

எனக்கு ஊர் செல்லூர். சித்திரைத் திருவிழாவுக்காக வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தபோது, யானைக்கல் பாலத்திலிருந்து ஆற்றைப் படமெடுத்து, ‘அழகருக்குத் தண்ணீர் வந்துவிட்டது’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐப்பசி மழையின்போது அதே படம் ‘மதுரையில் வெள்ளம்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். முங்கி விளையாடிய பையன்கள், அந்த வாசகத்தின் கீழ் தத்தளிக்கும் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். ஒருகணம் எனக்கே நெஞ்சு பதறியது. இப்போதெல்லாம் இடத்தையும் தேதியையும் படத்தின் மேலேயே எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.