20 இஞ்ச் செயின் மாற்றியதிலிருந்து வெட்டு வளைகிறது: பாரை மாற்றவா, மிஷினையே மாற்றவா?

திருமங்கலத்தான்

மரம் அறுக்கும் செயின் ரம்ப மிஷின், 52 சிசி, கம்பெனிப் பெயர் இல்லாதது, 20 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் தட்டை இரும்பு). திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் புளி, வேம்பு, சீமைக்கருவேலம் கழிக்கிற வேலை. பழைய செயின் தேய்ந்துபோனதால் "20 இஞ்ச் செயின்" என்று கேட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து நாலு இஞ்ச் இறங்கியதுமே வெட்டு வலதுபக்கம் சாய்கிறது. பத்து நிமிஷம் ஓட்டினால் பாரில் புகை. இரண்டு தடவை செயின் கழன்றுவிட்டது. அரம் போட்டும் அப்படியேதான். கடையில் பாரை மாற்றச் சொல்கிறார்கள், இல்லையென்றால் புது மிஷின் எடுக்கச் சொல்கிறார்கள். ஆடிக்காற்றுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. எதை முதலில் பார்க்கணும்? இதே மிஷினை மரத்து மேலே கொண்டுபோகலாமா?

அரம்_48

பாரை வாங்காதீர்கள், பொறுங்கள். "20 இஞ்ச்" என்று கேட்டதில்தான் கோளாறு. இஞ்ச் கணக்கு பாரின் நீளத்தை மட்டும் சொல்லும், செயினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 18 இஞ்ச் பாரிலேயே 68, 72, 74 டிரைவ் லிங்க் (பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் கண்ணி) என்று மூன்று கணக்கு சந்தையில் ஓடுகிறது. செயினுக்கு மூன்று எண் வேண்டும்.

பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மி.மீ. வந்தால் .325 இஞ்ச், 19 மி.மீ. வந்தால் 3/8 இஞ்ச்.

கேஜ்: பாரின் காடிக்குள் இறங்கும் டிரைவ் லிங்கின் தடிமன். வெர்னியரில் 1.3, 1.5, 1.6 மி.மீ. இதில் ஏதாவது ஒன்று வரும். பாரின் அடிப்பக்கத்தில் .050, .058, .063 என்று இஞ்சில் பொறித்திருப்பார்கள், வரிசையாக அதே மூன்று அளவுதான்.

மூன்றாவது, டிரைவ் லிங்க் எண்ணிக்கை. ஒரு லிங்கில் சாக்பீஸ் தடவிவிட்டு எண்ணுங்கள்.

பாரில் என்ன எழுதியிருக்கிறது, செயினில் என்ன வருகிறது என்று இரண்டையும் போடுங்கள்.

திருமங்கலத்தான்

அண்ணே, பாரில் .325, .058, 76 என்று இருக்கிறது. செயினில் எண்ணியது 76. மூன்று ரிவெட்டு 16.5. ஆனால் டிரைவ் லிங்க் தடிமன் 1.3தான் வருகிறது. இடதுபக்கப் பல் எல்லாம் வலதுபக்கத்தைவிடக் குட்டையாகவும் இருக்கிறது.

அரம்_48

இரண்டு நோயும் சேர்ந்திருக்கிறது. 1.5 காடியில் 1.3 செயின் ஓடினால் செயின் நிமிர்ந்து நிற்காது, ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டே அறுக்கும். கழன்றதற்கும் அதுதான் முதல் சந்தேகம். பல் நீளம் வேறுபட்டால் நீளமான, கூரான பக்கத்துக்கு வெட்டு இழுக்கும். உங்களுக்கு வலதுபக்கம் போவது கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு கைப்பக்கம் அரம் நன்றாக இறங்கும், மறுபக்கம் இறங்காது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இழுத்தாலும் நீளம் மாறிவிடும்.

.325, 1.5 மி.மீ., 76 லிங்க் என்று சொல்லி செயின் வாங்குங்கள். போடுவதற்கு முன் பாரைச் சோதியுங்கள்: காடியைக் கம்பியால் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, புதுச் செயினை உட்காரவைத்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாகச் சாய்ந்தால் காடி அகன்றுவிட்டது, பார் முடிந்தது. சாயவில்லையென்றால் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு அதே பாரை ஓட்டலாம். ஒவ்வொரு தடவை சாணை பிடிக்கும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் ஒன்றுபோல் தேயும். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் அரை மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றணும். பழைய ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைக் கெடுத்துவிடும்.

அரம் போடுவது: .325க்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். 30 டிகிரி. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியணும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பி வரும்போது தூக்கிவிடணும். முதலில் எந்தப் பல் மிகக் குட்டை என்று வெர்னியரில் பார்த்து, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். பல்லுக்கு முன்னால் இருக்கும் திமில் (டெப்த் கேஜ்) பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்து இருக்க வேண்டும். நம் பக்கம் இதை யாரும் தொடுவதில்லை, அதனால்தான் "அரம் போட்டும் கடிக்கவில்லை" என்கிறார்கள். அதற்காகக் கண்மண் தெரியாமல் ராவிவிடாதீர்கள், திமில் ரொம்பத் தாழ்ந்தால் மிஷின் உதறி மேலே எகிறும். பல் நீளம் 4 மி.மீ.க்குக் கீழ் வந்தால் செயினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவுபோல் விழுந்தால் உடனே நிறுத்தி அரம் எடுங்கள். சாலையோரப் புளியில் பட்டைக்குள் மண்ணும், விளம்பரத் தட்டி அடித்த ஆணியும் இருக்கும். அறுக்கப்போகும் வரியில் பட்டையை அரிவாளால் செதுக்கிவிட்டுத் தொடங்கினால் ஒரு சாணை மிச்சம்.

மேலூர் மிஷின்

புகைக்கு ஆயிலையும் பாருங்க. மிஷினை ஓடவிட்டு பார் மூக்கை ஒரு அட்டைக்கு நேரா பிடிச்சா அட்டையில எண்ணெய்க் கோடு விழணும். விழலேன்னா பார் அடியில இருக்கிற ஆயில் ஓட்டை அடைச்சிருக்கு. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் பெரும்பாலும் இறங்கியிருக்கணும். வண்டியில வடிச்ச பழைய ஆயிலை ஊத்தாதீங்க. அதுல இரும்புத்துகள் இருக்கு, பம்பையும் தின்னும், காடியையும் தின்னும்.

பெட்ரோல் கலவை: சாதா டூ ஸ்ட்ரோக் ஆயில்னா லிட்டருக்கு 40 மி.லி. (25க்கு 1). 50க்கு 1 கலக்கலாம்னு எழுதின தரமான ஆயிலும், மிஷின் புத்தகத்துல அதே கணக்கும் இருந்தா மட்டும் 20 மி.லி. கண் மதிப்புக்கு ஊத்துறதுலதான் பிஸ்டன் பிடிக்குது. இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், கார்பரேட்டர் டயாஃப்ரம் (உள்ள இருக்கிற மெல்லிய சவ்வு) விறைச்சுப்போகும். ஒரு வாரத்துக்கு வேணுங்கிறதை மட்டும் கலங்க. வேலை இல்லாத நாள்ல டேங்கைக் காலி பண்ணி, தானா அணையுற வரைக்கும் ஓட்டி வைங்க.

கடையைப் பத்தி ஒண்ணு. ஸ்டில், ஹஸ்க்வர்னா, பேரில்லாத மிஷின் எதுவானாலும் விலை கேக்குறதுக்கு முன்னாடி, "ஸ்ப்ராக்கெட், டயாஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், ஆயில் பம்ப் இப்ப கடையில இருக்கா, எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. "சொல்லி வரவழைக்கலாம்"னு பதில் வந்தா சீசன்ல பத்து நாள் மிஷின் கிடப்புலதான். செயினை 100 அடி ரோலா வெச்சு, லிங்க் எண்ணி, அறுத்து, ரிவெட் அடிச்சுத் தர்ற கடை கிடைச்சா விடாதீங்க. மூணு எண்ணையும் சொன்னா அவங்களுக்கு உடனே புரியும், புரியலேன்னா வேற கடை பாருங்க. தினமும் ஓட்டுறவங்களுக்குக் கம்பெனி மிஷின்தான் நல்லது. செயின் பிரேக் ஒழுங்கா பிடிக்கும், கை மரத்துப்போறதும் குறையும். ஆனா உங்க கோளாறுக்குப் புது மிஷின் மருந்தில்லை.

கொப்பு_கயிறு

மேலே கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கூடாது. 20 இஞ்ச் பார் மூக்கின் மேல்பாதி ஏதாவது கொப்பில் பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும், மரத்தின் மேல் விலக இடமில்லை. மேலே கைரம்பம், அல்லது 25 முதல் 35 சிசியில் 12 இஞ்ச் பார் போட்ட மேல்கைப்பிடி மிஷின். அதுவும் இரண்டு கையால்தான், மிஷினுக்குத் தனிக் கயிறு கட்டி.

உடம்பு முழுவதும் மாட்டும் பாதுகாப்புப் பட்டை (ஹார்னஸ்) வாங்கும்போது ஐ.எஸ். 3521 முத்திரை பாருங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ளது விழுந்தால் பிடிக்க உதவும், நின்று வேலை செய்ய உதவாது. இடுப்பின் இருபக்கமும் வளையம் வேண்டும். அறுக்கும் நேரத்தில் மேல் கயிறு ஒன்று, இடுப்புக் கயிறு ஒன்று என இரண்டு கட்டு இருக்க வேண்டும், ஒன்றில் பிளேடு பட்டாலும் மற்றது தாங்கும். கொப்பை இறக்க பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அடிமரத்தில் சுற்றி இறக்கும்போது உராய்வுச் சூட்டில் உருகும், வெயிலில் கிடந்தால் மட்கும்.

பெரிய கொப்பை மூன்று வெட்டாக எடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதற்கு இன்னும் கொஞ்சம் வெளியே மேலிருந்து. மூன்றாவதாக, மிச்சக் கட்டையைக் கழுத்துப் புடைப்பை (கொப்பு அடிமரத்தில் சேரும் இடத்துத் தடிப்பு) ஒட்டி, அதைச் சேதப்படுத்தாமல். கீழ்வெட்டு போடாவிட்டால் பட்டை அடிமரம் வரை உரிந்து இறங்கும். தூங்குமூஞ்சியையும் இயல்வாகையையும் தயவுசெய்து மொட்டையடிக்காதீர்கள். மொட்டையில் துளிர்க்கும் கொப்பு மேல்தோலில் மட்டும் ஒட்டி வளரும், கனத்ததும் காற்றுக்கு முறிந்து விழும். வீட்டுக்காரர் கேட்டாலும் நீண்ட கொப்புகளின் நுனிப்பாரத்தைக் குறைத்தால் போதும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சாலையோரம், புறம்போக்கு மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழு அனுமதியைக் கேட்டு வாங்கிய பிறகே வெட்டுங்கள். பக்கத்தில் 11 கே.வி. கம்பி போனால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக்கொடுத்து லைன் கிளியர் (கரண்டை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்குங்கள். "இந்தப் பக்கம் கரண்ட் இல்லை" என்று தெருவில் சொல்வதை நம்பி ஏறக் கூடாது. கரண்ட் நிறுத்திய பிறகும் யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது திரும்பி ஏறலாம், அதனால் வேலை நடக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் அவர்கள் ஆட்கள் எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் தண்டு) மாட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முதல் கொப்பில் கால் வைக்கணும்.