புதுப்பிப்பு: லேட்டன்சியை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள்?

இணைய லைன் ஒப்பந்தத்தில் லேட்டன்சி (தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம்) "சென்னை–சிங்கப்பூர் 40 மில்லிசெகண்டுக்குள்" என்று இருந்தால் போதும் என முன்பு எழுதியிருந்தேன். போதாது.

எண்ணில் தப்பில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், ஏறக்குறைய 3,200 கி.மீ. இரு ஊர்களையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளில் போய்வரவே 32 மில்லிசெகண்ட் ஆகிவிடும். வில்லங்கம் அளக்கும் விதத்தில். பெரும்பாலும் லைன் தரும் நிறுவனம் தன் ரவுட்டர்களுக்கிடையே அளந்து மாதச் சராசரி காட்டும். உங்கள் கட்டடம் வரையிலான கடைசித் துண்டு கணக்கில் வராது. தினமும் ஒரு மணி நேரம் 150க்கு எகிறி, மற்ற நேரம் 34 இருந்தால் சராசரி 39தான். மீறலே இல்லையாம்!

உங்கள் கட்டடத்தில் லைன் வந்து சேரும் போர்ட்டிலிருந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 95ஆம் பெர்சன்டைல் (அளவுகளில் 95 சதவீதம் அடங்கும் எல்லை) போதாது: அந்த ஒரு மணி நேரம் நாளில் 4.2 சதவீதமே, நழுவிவிடும். 99 கேளுங்கள். லைன் நிரம்பியிருக்கும்போது எடுத்த பிங் (லேட்டன்சி சோதனை) புகாரில் செல்லாது. லைன் நிரம்பவில்லை என்று காட்ட டிராஃபிக் கிராஃபையும் சேர்த்து அனுப்புங்கள்.