ஹெரால்டு காருக்கு எந்த டயர்: 145-ஆ, 155-ஆ, பழைய நைலானா?

சத்துவாச்சாரி_ஹெரால்டு:
வணக்கம். அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி, இப்போ என்கிட்ட இருக்கு. என்ஜின் வேலை முடிஞ்சுது. அடுத்தது டயர். இருக்கறது பழைய 5.20-13 நைலான் (நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடற பழைய வகை டயர்). பட்டன் (ரோட்டைத் தொடற மேல் ரப்பர்) பாதிக்கு மேலயே இருக்கு, ஆனா சைடை விரலால அழுத்தினா மயிரிழை மாதிரி வெடிப்பு வரிசையா தெரியுது. வருஷக்கணக்கா ஷெட்ல நின்ன வண்டி, வேலூர் வெயில் வேற.

கடையில 155/80 R13 போடச் சொல்றாங்க (155 மி.மீ. அகலம், அதுல 80 சதவீதம் சைடு உயரம், 13 இஞ்ச் ரிம். R-ன்னா ரேடியல், இப்போ கார்கள்ல வர்ற வகை). பழைய க்விட் கார் சைஸ், எப்பவும் கிடைக்கும்னு. நண்பர் ஒருத்தர் 145/80 R13 தான் சரின்னு நிக்கறார். என் ஓட்டம் ஞாயித்துக்கிழமை ராணிப்பேட்டை வரைக்கும், எப்பவாவது குடும்பத்தோட ஏலகிரி. எதைப் போடலாம்? காரணத்தோட சொல்லுங்க.

காட்பாடி_ரேடியல்:
155 போடுங்க. கணக்கைப் பாருங்க. 13 இஞ்ச்ன்னா 330 மி.மீ. அதுல 155/80 ஏத்தினா மொத்த உயரம் 578 மி.மீ. வரும். 145/80 ஏத்தினா 562 தான். உங்க 5.20-13 ஏறக்குறைய 580. அதாவது 155 பழைய டயரோட உயரத்துக்கு ஒட்டி வருது. 145 போட்டா வண்டி 9 மி.மீ. இறங்கும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் சைலன்சர் சொல்லும். மீட்டரும் கூட்டிக் காட்டும், 80-னு காட்டும்போது வண்டி 78 கிட்ட ஓடும். அதைவிட முக்கியம், அதே வேகத்துக்கு என்ஜின் கூடுதலா சுத்தணும். 948 சி.சி. சின்ன என்ஜின், நாலு வழிச்சாலையில அதை ஏன் கத்த விடணும்?

எடை தாங்கறதும் 155-க்குத்தான் அதிகம். டயர் சைடுல எடைக் குறியீடு 79-னு போட்டிருக்கும், ஒரு டயருக்கு 437 கிலோ. 145-ல 75, அது 387 கிலோ.

பாகாயம்_பழசு:
ரெண்டு பேரும் ரேடியல்லயே நிக்கறீங்க. அந்த வண்டியோட பின்பக்கத்தை யாராவது குனிஞ்சு பார்த்தீங்களா?

ஹெரால்டுக்கு ஸ்விங் ஆக்சில். பின் சக்கரம் ரெண்டும் டிஃபரென்ஷியல் ஓரத்துல இருந்து மடங்கும், மேல குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவுல வேகமா போய்ட்டு பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டியோட பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில மடங்கும். பிறகு வால் தனியா போகும். டயர் ரோட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதோ அந்த அளவுக்குத் தூக்கும். நைலான் முன்னாடியே சத்தம் போட்டு வழுக்கி எச்சரிக்கை குடுக்கும். ரேடியல் கடைசி வரைக்கும் பிடிச்சுட்டு திடீர்னு விடும். ஸ்டாண்டர்டு கம்பெனியே 1972-ல கேஸல் காரைக் கொண்டு வந்தப்போ இந்த பின் அமைப்பை எடுத்துட்டு நேர் ஆக்சில் வெச்சாங்க.

அந்த வண்டியை வடிவமைச்சவங்க நைலான் டயரை மனசுல வெச்சு வடிவமைச்சாங்க. புது நைலான் தேடிப் பிடிச்சுப் போடுங்க. ஒல்லியான டயரோட நிக்கும்போது அதோட அழகே தனி.

காட்பாடி_ரேடியல்:
அண்ணா, அழகை நான் மறுக்கல. ஆனா ஐப்பசி மழையில பாலாறு பாலத்து மேல நைலானோட பிரேக் அடிச்சுப் பாருங்க. வறண்ட ரோட்லகூட, லாரிங்க பள்ளம் போட்ட தடத்துல நைலான் டயர் ஏறினா அது போற பக்கம் வண்டி போகும், ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போற வண்டி அது. ஏலகிரி ஏறப் போறவர் பிரேக்கைத்தான் முதல்ல பார்க்கணும்.

ஆற்காட்டார்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். உயரத்தை அளந்தீங்க, ஆக்சிலைப் பார்த்தீங்க. ரிம்மை யாரும் அளக்கலையே?

ஹெரால்டோட இரும்பு ரிம் 3.5 இஞ்ச் அகலம். கடையில டேப்பை வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்புக்கு வெச்சு "நாலரை இருக்கு, 155 தாராளமா உக்காரும்"னு சொல்வாங்க. அப்படி அளக்கக்கூடாது. டயரைக் கழட்டிட்டு, உள்ளே பீடு (ரிம்ல உக்கார்ற டயரோட உள் ஓரம்) வந்து சாயற சுவர் ரெண்டுக்கும் நடுவுல அளக்கணும். அப்பதான் நிஜ அகலம் தெரியும்.

டயர் கம்பெனிங்க குடுக்கற அட்டவணையில 145/80 R13-க்கு 3.5-ல இருந்து 5 இஞ்ச் ரிம். 155/80 R13-க்கு 4-ல இருந்து 5.5. அதாவது 155, ஹெரால்டு ரிம்முக்கு வரம்புக்கு வெளியே. ஏறும், ஓடும், நானும் பார்த்திருக்கேன். ஆனா பீடு ரெண்டும் நெருங்கிப்போய் சைடு புடைச்சுக்கிட்டு நிக்கும். வளைவுல பட்டன் ஒரு பக்கம், ரிம் ஒரு பக்கம்னு டயர் நெளியும். பின்னால ஸ்விங் ஆக்சில், அதுக்கு மேல நெளியற டயரா? பாகாயத்தார் சொன்ன பயம் உண்மைதான், ஆனா அதுக்கு மருந்து நைலான் இல்லை. ரிம்முக்குப் பொருந்தற ஒல்லியான ரேடியல்.

145/80 R13 பழைய வேகன்ஆர் சைஸ், தேடினா கிடைக்கும். அரக்கோணத்துல டயர் ஃபேக்டரி இருக்கற பழைய வட ஆற்காட்டுல டயருக்கு என்ன பஞ்சம்?

காட்பாடி_ரேடியல்:
அட்டவணை சரி. ஆனா இங்கிலாந்துல ஹெரால்டு வெச்சிருக்கறவங்க நிறைய பேர் 155 போட்டு ஓட்டறாங்களே? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.

ஆற்காட்டார்:
அவங்கள்ல பல பேர் பின்னாடி வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரோட 4.5 இஞ்ச் ரிம்மை மாட்டிட்டுத்தான் 155 போடறாங்க. அந்த ரிம் அதே போல்ட்டுக்குப் பொருந்தும். தம்பிக்கு அந்த ரிம் கிடைச்சா நானே 155-னு சொல்வேன். ஒரிஜினல் ரிம் வெச்சிருக்கற வரைக்கும் 145.

எடைக் கணக்கும் சொல்றேன். நாலு 387 சேர்ந்தா 1,548 கிலோ. ஹெரால்டு காலி வண்டி 800 கிலோ சுமார். அஞ்சு பேரும் ஊறுகாய் ஜாடியும் ஏறினாலும் டயர் தாங்கும். அந்தக் கவலையே வேண்டாம்.

பாகாயம்_பழசு:
ரிம் கணக்கை ஏத்துக்கறேன். 155-க்கு நானும் எதிர்தான். ஆனா ஒல்லி ரேடியலும் நைலானைவிட அதிகமா பிடிக்கும், வால் தூக்கற விஷயத்துக்கு அது பதில் இல்லை. மேனுவல்ல முன் டயருக்குக் குறைச்சலாவும் பின் டயருக்கு அதிகமாவும் காத்து எதுக்குக் குடுத்தாங்க? பின்பக்கம் முதல்ல விடக்கூடாதுன்னுதான். நம்ம பஞ்சர் கடையில நாலுக்கும் 30 அடிச்சு அனுப்பறாங்க. எந்த டயர் போட்டாலும் சரி, அதை மட்டும் செய்யாதீங்க.

ஆற்காட்டார்:
அது நூத்துக்கு நூறு. முன்னே குறைவு, பின்னே நாலஞ்சு பவுண்டு கூட. அந்த வித்தியாசத்தை விடவே கூடாது.

குடியாத்தம்_பட்டறை:
டயர் மாத்தறவங்க ஸ்டெப்னியை மறந்துடறாங்க, அதான் எழுத வந்தேன். நாலு ரேடியல் போட்டுட்டு டிக்கியில பழைய நைலானை விட்டுடுவாங்க. பின் சக்கரம் பஞ்சர்னு வைங்க. அதுல நைலானை மாட்டினா முன்னே ரேடியல், பின்னே நைலான். இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் முன்கூட்டியே விடும். ஹெரால்டு மாதிரி வண்டியில அது பெரிய ஆபத்து, ஏலகிரியோட பதினாலு கொண்டை ஊசி வளைவுலயும் அது கூடவே வரும். வாங்கினா அஞ்சா வாங்குங்க.

இன்னொண்ணு ட்யூப். இப்போ வர்றதெல்லாம் ட்யூப்லெஸ். ஹெரால்டு ரிம்முக்கு உள்ளே பீடு நழுவாம தடுக்கற மேடு இல்லை. காத்து குறைஞ்ச நேரத்துல வளைவுல பீடு உள்ளே நழுவி மொத்தக் காத்தும் போய்டும். ஒரு கடையில ட்யூப் இல்லாமலேயே மாட்டி அனுப்பின வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கு. ரிம்மோட துரு வழியா ராத்திரியெல்லாம் காத்து கசிஞ்சு, காலையில டயர் படுத்துக் கிடக்கும். ரேடியல் ட்யூபா கேட்டு வாங்கிப் போடுங்க. டயருக்குள்ளே கம்பெனி ஒட்டின பேப்பர் ஸ்டிக்கர் இருக்கும், அதை முழுசா உரிச்சு, கையை விட்டுத் தடவிப் பார்த்து, பவுடர் போட்டு மாட்டச் சொல்லுங்க. அந்த ஸ்டிக்கரோட ஓரம் ட்யூபை அறுத்துடும்.

சத்துவாச்சாரி_ஹெரால்டு:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ஒரு சக்கரத்தைக் கழட்டி டயரைப் பிரிச்சு அளந்தேன். உள்ளுக்குள்ள 3.5 தான், வெளியே வெச்சா ஏறக்குறைய 4.5 காட்டுது. ஆற்காட்டார் சொன்ன மாதிரியே. ரிம் உள்ளே மேடும் இல்லை, துரு இருக்கு. ரிம் அஞ்சையும் தேய்ச்சு பெயிண்ட் அடிக்கக் குடுத்துட்டு 145 அஞ்சு எடுக்கறதா இருக்கேன், ட்யூபோட. வாங்கும்போது வேற என்ன பார்க்கணும்?

ஆற்காட்டார்:
சைடுல நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2324-ன்னா 2024-ல 23-வது வாரம். அதிகம் ஓடாத சைஸ் கடை மேல் அடுக்குல வருஷக்கணக்கா தூங்கும். பில் போடறதுக்கு முன்னாடி அஞ்சு டயரையும் உருட்டி எண்ணைப் படிங்க, ஒண்ணைப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. உங்க வண்டியில பட்டன் தேயறதுக்கு முன்னாடி ரப்பர் கிழடு ஆகிடும், அதனால ஒவ்வொரு மாசமும் முக்கியம்.

மாட்டின பிறகு பானெட்டைத் தூக்குங்க. ஹெரால்டுல மூக்கு மொத்தமும் முன்னால சாயும், முன் சக்கரம் ரெண்டும் முழுசா தெரியும். ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, டயர் எதுலயாவது உரசுதான்னு பாருங்க. இருபத்தஞ்சு அடிக்குள்ள திரும்பற வண்டி, சக்கரம் அவ்வளவு ஒடியும்.

பாகாயம்_பழசு:
பழைய நைலான்ல வெடிப்பு இல்லாதது இருந்தாலும் ரோட்டுக்கு விடாதீங்க. ஷெட்ல வண்டி நிக்கும்போது புது டயர் தரையில அழுந்தாம இருக்க மட்டும் அதை மாட்டி வைங்க.

காட்பாடி_ரேடியல்:
உயரத்துல நான் இன்னும் 155 பக்கம்தான். மாட்டின பிறகு நாட்றம்பள்ளி வரைக்கும் 80-ல ஓட்டிப் பார்த்துட்டு என்ஜின் சத்தம் எப்படி இருக்குன்னு இங்கேயே எழுதுங்க. ஸ்பிட்ஃபயர் ரிம் எங்கயாவது கண்ணுல பட்டா நான் சொல்றேன்.