0.1 கிலோ வெள்ளியும் பதினேழு இலக்கப் பகுதியும்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. வேலைக்குக் கொடுக்கும் வெள்ளிக்கு அவர் நோட்டில் கணக்கு வைத்திருந்தார், போன தீபாவளிக்கு அப்புறம் நான் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பத்துத் தடவை 0.1 கிலோ கொடுத்தால் ஒரு கிலோ, ஆனால் கூட்டினால் 0.9999999999999999 என்று வந்து கணக்கு நேராகவே இல்லை. சரி, பின்னமாக வைத்தால் பிசிறு வராது என்று, பைத்தானில் எண்ணைப் பின்னமாக மாற்றித் தரும் ஃப்ராக்‌ஷன்(0.1) போட்டேன். வந்தது 3602879701896397/36028797018963968!

பகுதியாகக் கீழே இருப்பது 2-இன் 55ஆம் அடுக்கு. பைத்தான் சொன்னது தப்பே இல்லை. ஃப்ளோட், அதாவது கணினி தசம எண்ணை வைக்கும் வகை, இரண்டின் அடுக்குகளை வைத்துத்தான் எண்ணைச் சேமிக்கிறது, 1/10 அதில் முடிவில்லாமல் போகும், அதனால் 0.1 என்று தட்டிய உடனேயே உள்ளே உட்காருவது பக்கத்து எண் ஒன்று, ஃப்ராக்‌ஷன் அதைத்தான் அச்சு அசலாகக் காட்டுகிறது. 0.125 போட்டுப் பாருங்கள், சுத்தமாக 1/8 வரும். மேற்கோள் குறிக்குள் '0.1' என்று எழுத்தாகக் கொடுத்ததும் 1/10 வந்தது, கணக்கும் நேரானது. சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பைப் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் திறப்பவர்கள் எடைப் பத்தியை ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்தாகவே, படிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது ஃப்ளோட்டாக மாற்றிவிடும்.

•

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன் தம்பி. எழுத்தாகக் கொடுத்தும் நான் மாட்டினேன். தோட்டத்து மிளகுப் பணம் எங்கள் மூன்று பேருக்கும் சமம், பழைய ஷீட்டில் ஆளுக்கு 0.3333 என்று இருந்தது. பின்னமாக்கினால் 3333/10000, மூன்றையும் கூட்டினால் 9999/10000, லட்சத்துக்குப் பத்து ரூபாய் யாருக்கும் சேராமல் நிற்கிறது. பகுதிக்கு ஒரு வரம்பு வைத்து மிக நெருங்கிய பின்னத்தைத் தரும் லிமிட்_டினாமினேட்டரை வெறுமனே அழைத்தால் பகுதி பத்து லட்சம் வரை போகலாம் என்று எடுத்துக்கொள்ளும், அதே 3333/10000 திரும்பி வரும். அடைப்புக்குள் 10 கொடுத்த பிறகுதான் 1/3 கிடைத்தது. தராசில் நிறுத்த எடைக்கு மட்டும் இதைப் போடாதீர்கள், அங்கே 0.3333 என்றால் 0.3333தான்.

•

எங்கள் அப்பாயி வாயில் அரைக்கால், மாகாணி என்ற பழைய பின்னப் பெயர்கள் எல்லாம் சாதாரணமாக வரும். மகளுக்குக் காட்டலாம் என்று மா 1/20, காணி 1/80 இரண்டையும் ஃப்ராக்‌ஷனில் கொடுத்தேன். இரண்டுமே ஃப்ளோட்டில் சரியாக அடங்காதவை. கூட்டினால் 1/16, அது அடங்கும். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "மாவும் காணியும் சேர்ந்ததால்தான் மாகாணியாப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் அந்தச் சொல்லைக் கேட்டும் எனக்கு அது தோன்றியதே இல்லை.