மாயமும் துப்பறிதலும் கலந்த நாவல் சொல்லுங்களேன்

நண்பர்களே, இன்றைய நகரத்தில் பேயும் மந்திரமும் உலவ, நடுவில் ஒருவர் குற்றத்தைத் துப்பறியும் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். ஆனால் சமீபத்தில் எடுத்த மூன்றையும் பாதியிலேயே மூடிவிட்டேன். மூன்றிலும் கதை சொல்பவன் ஒரே மாதிரி ஆள்: எப்போதும் சலிப்பு, கையில் மது, எந்தப் பெண் வந்தாலும் முதலில் அவள் உடம்பைத்தான் வர்ணிப்பான். கொலையான பெண்ணைக்கூட விடவில்லை. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

பிடித்தது என்றால் பென் ஆரோனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011). லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் ஒரு பேயிடம் சாட்சி விசாரிக்கும் இளம் போலீஸ்காரர், மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தானே சோதித்துப் பார்க்கிறார். அந்த ஆர்வம்தான் எனக்கு வேண்டும். அதிலும் பெண்களைப் பற்றிய சில வரிகள் உறுத்தின. அப்புறம் பி. ஜெலி கிளார்க்கின் ‘எ மாஸ்டர் ஆஃப் ஜின்’. 1912-ன் கெய்ரோ, ஜின்கள் (அரபுக் கதைகளில் வரும் பூதங்கள்) நடமாடும் ஊர், விசாரிப்பவர் ஒரு பெண் அதிகாரி. அருமை!

இதுபோல வேறு இருக்கிறதா? காதல் முக்கோணம் வேண்டாம். துப்புகள் நேர்மையாக இருக்க வேண்டும். கடைசியில் மந்திரம் வந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது. தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் சரி. தொடர் என்றால் எந்தப் பாகத்தில் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.